எம்.எஸ். திரும்ப வந்துவிட்டதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் முறை

நான் தண்ணி மோட்டர் திருத்துகிறவன். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம், மருதனார்மடம் பக்கத்துத் தோட்டக்காரர் பலருடைய மோட்டர் என் மேசைக்கு வந்துதான் போகும். "கொயில் எரிஞ்சு போச்சு தம்பி" என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் இறக்குவார்கள். நான் உடனே கொயிலைப் பிரிக்க மாட்டேன். முதலில் பிளக், பிறகு வயர், பிறகு கப்பாசிற்றர். கொயில் கடைசி. பாதி மோட்டர் கொயில் வரைக்கும் போகாமலே ஓடிவிடும்.

எனக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்று தெரிந்து பன்னிரண்டு வருடம். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் பாதியைத்தான் சொல்கிறது, மூளையும் கண் நரம்பும் இதில் சேர்த்தி. செம்புக் கம்பிக்கு மேலே வார்னிஷ் பூச்சு இருப்பதுபோல நரம்புக்கு மயலின் என்று ஓர் உறை இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைச் சுரண்டுவதுதான் இந்த வருத்தம். புதிதாக ஓரிடம் சுரண்டப்பட்டு அறிகுறி காட்டினால் டொக்டர்மார் அதை ரிலாப்ஸ் என்பார்கள். எங்கள் வீட்டில் "திரும்ப வந்திட்டுது" என்போம்.

சிக்கல் என்னவென்றால், திரும்ப வராமலே வந்ததுபோலக் காட்டும் நாள்கள் நிறைய. முதல் ஐந்து வருடம் நான் இரண்டு பக்கமும் பிழைவிட்டேன். ஒன்றுமில்லாததுக்கு ஓட்டோ பிடித்து ஓடினேன். உண்மையாக வந்தபோது கண்ணாடிக் கடைக்குப் போனேன். மோட்டரில் பழகிய ஒழுங்கை உடம்புக்கும் வைக்க எனக்கு அவ்வளவு காலம் எடுத்தது. அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. இது கிளினிக்குக்கு எப்போது, எதைக் கையில் கொண்டு போவது என்று முடிவெடுக்க மட்டும்.

காத்திருக்கவே கூடாதவை

இவற்றுக்கு அறிகுறி குறிக்கும் கொப்பியும் வேண்டாம், வெப்பமானியும் வேண்டாம். வாய் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கையும் காலும் நிமிடக் கணக்கில் விழுந்துபோவது பக்கவாதமாக இருக்கலாம். எம்.எஸ். இருக்கிறவருக்குப் பக்கவாதம் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. ரிலாப்ஸ் மெதுவாக ஏறும், பக்கவாதம் சடுதியாக விழும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் கெடு. 1990 என்ற நம்பருக்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. மூச்சு எடுக்கக் கஷ்டம், விழுங்கினால் புரையேறுவது, சலம் (சிறுநீர்) முற்றாக அடைபடுவது, இரண்டு காலும் நாளுக்கு நாள் விழுவது: இவையும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மற்ற எல்லாவற்றுக்கும் முதலில் மூன்று சோதனை

முதலாவது மணிக்கூடு. அறிகுறி தொடங்கிய நேரத்தை எழுதுங்கள். புதிய அறிகுறியோ, பழையது கூடியதோ, 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால்தான் ரிலாப்ஸ் என்ற பேச்சு தொடங்கும். வந்து அரை மணித்தியாலத்தில் போனது கணக்கில் இல்லை. உண்மையான ரிலாப்ஸ் மணித்தியாலக் கணக்கில், நாள் கணக்கில் ஏறும். ஒன்றிரண்டு கிழமையில் உச்சத்துக்கு வந்து, பிறகு கிழமைக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில் இறங்கும். கடைசித் தாக்கம் தொடங்கி 30 நாள் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் அது பழையதின் மிச்சமே, புதியதாக எண்ண மாட்டார்கள்.

இரண்டாவது வெப்பமானி. உடம்பைத் தொட்டுப் பார்த்து "சுடேல்லை" என்று சொல்வது போதாது. மயலின் போன நரம்புக்கு அரைப் பாகை ஏறினாலே ஓட்டம் தடைப்படும். கையில் தெரியாத காய்ச்சல் காலில் தெரியும்.

மூன்றாவது சலம். எம்.எஸ். காரருக்குச் சலக் கிருமி வந்தால் சில வேளை எரிவும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது, ஏனென்றால் அந்த எரிவைச் சொல்ல வேண்டிய நரம்பே மங்கிப்போயிருக்கும். மணம் மாறியிருக்கிறதா, கலங்கலா, இரவில் வழமையைவிடக் கூட எழும்புகிறீர்களா என்று பாருங்கள். ஐமிச்சம் என்றால் லாப்பில் சலப் பரிசோதனை செய்விக்கலாம். கிருமி தெரிந்தால் எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையும் கேளுங்கள். மருந்துக் கடையில் ஏதோ ஒரு அன்டிபயோட்டிக் இரண்டு நாள் வாங்கிப் போட்டுவிட்டு நிறுத்துகிற பழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. அப்படிச் செய்துதான் நான் ஒருமுறை மூன்று கிழமை இழுபட்டேன்.

காலையில் சரி, மத்தியானம் கால் இழுக்கிறது

இதுதான் யாழ்ப்பாணத்தில் அதிகம் ஏமாற்றுகிற அறிகுறி. சித்திரை, வைகாசியில் 33, 34 பாகை. காற்றும் விழுந்து கிடக்கும். தகரக் கூரைக்குக் கீழே சூட்டுகோல் பிடித்துக்கொண்டு நான் இருப்பேன். பதினொரு மணிக்கு இடது கால் கல்லாகும், கண்ணுக்கு முன்னால் புகை அடித்ததுபோல இருக்கும். பின்னேரம் குளித்துவிட்டு வந்தால் எல்லாம் போய்விடும்.

இது புதிய சேதம் இல்லை. பழைய சேதம் சூட்டில் வெளியே தெரிகிறது. ஊத்தோவ் என்ற ஜெர்மன் கண் டொக்டர் 1890 இல் இதைக் குறித்து வைத்தார். உடல் வருத்தி நடந்ததும் நோயாளிகளுக்குப் பார்வை மங்கி, ஆறியதும் திரும்பியதைப் பார்த்திருக்கிறார். பிற்காலத்தில் சுடுதண்ணித் தொட்டிக்குள் ஆளை இருத்தி, அறிகுறி கூடினால் எம்.எஸ். என்று கண்டுபிடிக்கிற ஒரு சோதனையே இருந்தது. நல்ல காலம், இப்போது இல்லை.

செய்ய வேண்டியது: ஆறவையுங்கள். கிணற்றுத் தண்ணி பத்து வாளி தலைக்கு வார்க்கலாம். ஈரத் துவாயைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு மின்விசிறிக்குக் கீழே இருக்கலாம். குளிர்ந்த தண்ணி குடிக்கலாம். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் இறங்கினால் விஷயம் முடிந்தது, ஆஸ்பத்திரி தேவையில்லை. ஆறி, ஓர் இரவு நித்திரை கொண்டு எழும்பியும் அப்படியே நின்றால் மணிக்கூட்டுக் கணக்கைத் தொடருங்கள்.

முன்கூட்டியே ஆறவைத்தால் இன்னும் நல்லது. வெயிலில் போவதற்கு முன்பே குளித்துவிட்டுப் போனால் கால் கூட நேரம் தாங்குகிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஆவணி வெயிலும் மணலும் சனமும். தேருக்கு நான் விடியவே போய்த் தேர் இருப்புக்கு வருவதற்கு முன்பே திரும்பிவிடுவேன். அம்மாவுக்கு அது மனக்குறை. "முருகன் பாத்துக்கொள்ளுவான், நில்லன் தம்பி" என்பார். முருகன் பார்ப்பான்தான், ஆனால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவது தம்பிமார்.

பழைய அறிகுறி எல்லாம் ஒரே நாளில் திரும்பினால்

ஐந்து வருடத்துக்கு முந்தைய விறைப்பு, மூன்று வருடத்துக்கு முந்தைய கண் மங்கல், போன வருடத்துக் கால் இழுப்பு, எல்லாம் கூடிக்கொண்டு ஒரே நாளில் வந்தால் பயம் பிடிக்கும். ஆனால் உண்மையான ரிலாப்ஸ் பெரும்பாலும் ஓரிடத்தைப் பிடிக்கும். பழைய இடங்கள் எல்லாம் ஒன்றாகக் கூவினால் முதலில் கிருமியைத் தேட வேண்டும். பத்து வீட்டுக்கு ஒரே நேரத்தில் லைட் மங்கினால் பத்து வீட்டு வயரும் பழுதென்று யாரும் நினைப்பதில்லை, மெயினில் வோல்டேஜ் விழுந்திருக்கிறது. அதே கணக்குத்தான். சலம், சளி, பல், தோலில் புண், டெங்கு.

கார்த்திகை தொடங்கித் தை வரை மழையோடு டெங்குவும் யாழ்ப்பாணத்தில் ஏறும். காய்ச்சலுக்கு பனடோல் மட்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற நோக் குளிசைகளை டெங்குவில் போட்டால் இரத்தக் கசிவு வரலாம். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதித்துவிடுங்கள். காய்ச்சல் இறங்க இறங்கக் காலும் எழும்பும்.

இங்கே ஒரு கொளுவல் இருக்கிறது. கிருமி போலி ரிலாப்ஸைக் காட்டும், ஆனால் கிருமித் தொற்றுக்குப் பிறகு வரும் கிழமைகளில் உண்மையான ரிலாப்ஸ் வருவதும் வழமையைவிடக் கூட. அதனால் காய்ச்சல் விட்டு, சலமும் தெளிந்து, இரண்டு மூன்று நாள் கழித்தும் கால் எழும்பவில்லை என்றால் "அது காய்ச்சலால்தான்" என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். கிளினிக்குக்குப் போங்கள்.

ஒரு கண் மங்குகிறது, திருப்பினால் நோகிறது

என் முதல் ரிலாப்ஸ் இதுதான். வலது கண். மேலே பார்க்கக் கண்ணைத் திருப்பினால் கண்ணுக்குப் பின்னால் ஊசி குத்தியதுபோல நோ. மூன்றாம் நாள் நடுப்பார்வை அழிந்துவிட்டது. மனிசி பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, கண் சிவக்கவும் இல்லை, பீளையும் இல்லை, பிறகென்ன?" என்றாள். கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி செய்து தந்தார்கள். காசு போனதுதான் மிச்சம்.

இது கண் நரம்பு அழற்சி. கண்ணின் வெளிப்பக்கம் சுத்தமாக இருக்கும், பழுது பின்னால் ஓடும் வயரில். வீட்டில் செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. சிவப்பான ஒரு பொருளை எடுங்கள், செவ்வரத்தம் பூவே போதும். ஒரு கண்ணை மூடி மற்றதால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணில் அந்தச் சிவப்பு வெளிறி, பழைய சீலை நிறமாகத் தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி. கண் டொக்டர் பார்த்தாலும் நரம்பியல் டொக்டருக்கும் சொல்ல வேண்டும்.

பார்வை ஒரு கிழமை, இரண்டு கிழமை வரை குறையலாம். பிறகு பெரும்பாலானவர்களுக்குத் திரும்பத் தொடங்கும். 1992 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இரண்டு விஷயங்களைக் காட்டியது. நாளத்தில் ஏற்றும் ஸ்டீரொய்ட் (அழற்சியை அடக்கும் மருந்து) பார்வையைச் சீக்கிரம் திருப்புகிறது, ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஏற்றியவருக்கும் ஏற்றாதவருக்கும் பார்வை ஏறக்குறைய ஒன்றுதான். மற்றது முக்கியம்: சாதாரண அளவில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை மட்டும் எடுத்தவர்களுக்குக் கண் தாக்கம் திரும்ப வந்தது கூட. அதனால் முட்டு இழுப்புக்கு என்று வீட்டில் கிடக்கும் பிரெட்னிசொலோனை நீங்களாகவே எடுத்துப் போட வேண்டாம்.

இரண்டு கண்ணும் ஒரே கிழமையில் மங்கினால், அல்லது பார்வை முழுதாக இருண்டால், அது எம்.எஸ். இன் வழமையான நடை இல்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

விறைப்பு, இறுக்கம், கழுத்தில் மின்னல்

ஒரு கை விரல்கள் விறைத்து எழும்பினால் முதலில் அந்தப் பக்கம் படுத்தீர்களா என்று பாருங்கள். நாங்கள் எல்லோரும் எம்.எஸ். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் உலகத்தைப் பார்க்கிறோம், சும்மா கை மரத்தாலும் ரிலாப்ஸ் என்று மனம் பாயும். நீரிழிவு இருந்தால் இரண்டு பாதமும் சமமாக, மாதக் கணக்கில் மரத்து வரும். எம்.எஸ். விறைப்பு நாள் கணக்கில் பரவும். பாதத்தில் தொடங்கி முழங்கால், தொடை, இடுப்பு என்று ஏறினால், அல்லது இடுப்பில் கோடு கீறியதுபோல அதற்குக் கீழே மட்டும் மரத்தால், அது தண்டுவடம். அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பேனையால் உடம்பிலேயே அடையாளம் வையுங்கள். அடுத்த நாள் கோடு ஏறியிருந்தால் டொக்டருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நெஞ்சையோ வயிற்றையோ சுற்றி யாரோ சால்வையால் இறுக்கிக் கட்டியதுபோல ஓர் உணர்வு வரும். தண்டுவடத்தில் இருக்கும் பழுது அப்படிக் காட்டும். ஆனால் நாற்பது தாண்டியவர், சீனி, பிரஷர் உள்ளவர், முதல்முறை இந்த இறுக்கம் வந்தால் எம்.எஸ். என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் ஈ.சி.ஜி. இதயம் இல்லை என்று தெரிந்த பிறகு நரம்பைப் பேசலாம்.

தலையைக் குனிந்தால் முதுகுத் தண்டு வழியே கரண்ட் அடித்ததுபோல ஓடும். எனக்குத் தொழிலில் உண்மையான கரண்டும் அடித்திருப்பதால் சொல்கிறேன், அச்சொட்டாக அதேதான். கழுத்துத் தண்டுவடத்தின் பழைய தழும்பு இழுபடும்போது வருவது. தனியே வந்தால் ஆபத்து இல்லை. முன்பு இல்லாமல் புதிதாகத் தொடங்கி ஒவ்வொரு நாளும் வந்தால் கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்காமல் சொல்லுங்கள்.

விறைப்பு மட்டும், அதுவும் லேசாக என்றால், டொக்டர் ஒன்றும் ஏற்றாமல் "பாப்பம்" என்று அனுப்பலாம். அது அலட்சியம் இல்லை. ஸ்டீரொய்டால் சுகப்படுவது வேகமாகும், கடைசியில் எவ்வளவு சுகப்படும் என்பது மாறாது. நடக்கவும், பார்க்கவும், வேலை செய்யவும் தடையாக உள்ளதற்குத்தான் அதை வைத்துக்கொள்வார்கள்.

கால் பலம் குறைகிறது, சலமும் முந்துகிறது

இங்கே தாமதம் வேண்டாம். சூடும் காய்ச்சலும் இல்லை, கால் நேற்றையதைவிட இன்று மோசம், சலம் வந்தால் அடக்க முடியவில்லை, அல்லது முட்டிக்கொண்டு நிற்கிறது ஆனால் போகவில்லை என்றால் அன்றைக்கே போங்கள். சலம் போனபின் வயிற்று ஸ்கேனில் எவ்வளவு சலம் மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். மிச்சம் நின்றால் கிருமி வரும், கிருமி வந்தால் கால் விழும், இது ஒரு வட்டம்.

ஓர் எதிர்பாராத காரணத்தையும் பாருங்கள்: மருந்து. கால் இறுக்கத்துக்கு பக்லோஃபென் குளிசை எடுக்கிறவர்களுக்கு, அளவைக் கூட்டிய கிழமையில் கால் துவளும். சில பேருக்கு அந்த இறுக்கம்தான் ஊன்றுகோல் மாதிரி நிற்க வைத்துக்கொண்டிருக்கும். அதை முழுக்க எடுத்துவிட்டால் ஆள் மடங்கிவிடும். அதற்காகச் சடுதியாக நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். டொக்டரிடம் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும்.

தலைச்சுற்று, இரண்டு இரண்டாகத் தெரிதல்

இரண்டாகத் தெரிந்தால் ஒரு கண்ணைப் பொத்துங்கள். பொத்தியதும் ஒன்றாகிவிட்டால் இரண்டு கண்ணும் சேர்ந்து திரும்பவில்லை என்று பொருள், எம்.எஸ். என்றால் பழுது பெரும்பாலும் மூளைத்தண்டுப் பக்கம். பொத்தியும் இரண்டாகத் தெரிந்தால் அது பொதுவாகக் கண்ணின் பிரச்சினை, கற்றரக் (கண்புரை) மாதிரி. முதலாவது ஒரு நாளைத் தாண்டினால் ரிலாப்ஸாகப் பார்க்க வேண்டும். அதுவரை மோட்டார் சைக்கிள் வேண்டாம். நான் ஒரு நாள் கோண்டாவில் சந்தியில் ஒரு பஸ்ஸை இரண்டாகப் பார்த்தேன், எதை விலத்துவது என்று தெரியவில்லை.

தலைச்சுற்று வேறு கதை. படுக்கையில் புரளும்போது மட்டும், அரை நிமிடம் சுற்றி நின்றால் பெரும்பாலும் உட்காதுப் பிரச்சினைதான். அதற்குத் தலையைத் திருப்பிச் செய்யும் ஒரு பயிற்சி இருக்கிறது. விடாமல் சுற்றி, நடை தள்ளாடி, பேச்சும் இழுபட்டால் போக வேண்டியதுதான். அது சடுதியாகத் தொடங்கியிருந்தால் மேலே சொன்ன 1990.

சில விநாடி வந்து போகிறது, ஆனால் திரும்பத் திரும்ப

கை ஒரு நிமிடம் முறுக்கிக்கொண்டு நின்று விடும். அல்லது முகத்தில் பல்லோரமாக மின்னல் வெட்டு. ஒருமுறை வந்தால் கணக்கில்லை என்று மேலே சொன்னேன். ஒரு நாளைக்கு இருபது முப்பது தரம் என்று ஒரு நாளைத் தாண்டி நடந்தால் அதையும் ரிலாப்ஸாக எண்ணுவார்கள். இதற்கு கார்பமாசிபீன் என்ற வலிப்புக் குளிசை குறைந்த அளவிலேயே நன்றாக வேலை செய்யும். முக மின்னலைப் பல்நோ என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கியவர்கள் உண்டு. பல் டொக்டரிடம் போனால் உங்களுக்கு எம்.எஸ். இருக்கிறதென்று கதிரையில் ஏற முன்பே சொல்லுங்கள்.

களைப்பும் மறதியும்

தனியே களைப்பு மட்டும் கூடினால் பெரும்பாலும் அது ரிலாப்ஸ் இல்லை. நித்திரை, தைரொய்ட், இரத்தச் சோகை, மனச்சோர்வு, இவற்றைப் பாருங்கள். ஊர் இதை சோம்பல் என்று சொல்லும். சொல்லட்டும்.

ஸ்டீரொய்ட் ஏற்றும் நாள்கள்

ரிலாப்ஸ் என்று முடிவானால் வழமையாக மெதில்பிரெட்னிசொலோன், ஒரு நாளைக்கு 1 கிராம், 3 முதல் 5 நாள், சேலைனோடு ஏற்றுவார்கள். இந்த அளவை விளங்கிக்கொள்ள ஒரு கணக்கு: 1 கிராம் என்பது 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் குளிசை 250க்குச் சமன். மருந்துக் கடையில் வாங்கும் நாலு குளிசை ஏன் இதற்கு ஈடாகாது என்று இப்போது தெரியும். இதே பெரிய அளவை வாயால் கொடுத்தாலும் ஊசிக்குக் குறையாமல் வேலை செய்கிறது என்று 2015 இல் பிரான்சில் செய்த ஆய்வு காட்டியது. வார்டில் படுக்க முடியாதவர்கள் டொக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஏற்ற முன் நீங்களாகச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. சீனி இருக்கிறதா, முன்பு சயரோகம் வந்ததா, வீட்டில் யாருக்காவது இருந்ததா, வயிற்றுப் புண், கர்ப்பம், அண்மையில் கொப்புளிப்பான் வந்தவரோடு இருந்தீர்களா. தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் அதையும் சொல்லுங்கள். மண்ணிலிருந்து தோல் வழியே ஏறி வருடக்கணக்கில் குடலில் கிடக்கும் ஒரு புழு, ஸ்டீரொய்ட் கொடுத்ததும் உடம்பெல்லாம் பரவலாம். முன்கூட்டியே புழு மருந்து கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

ஏற்றத் தொடங்கியதும் வாயில் இரும்புச் சுவை, முகம் சிவந்து ஊதுதல், நெஞ்செரிவு, அகோரப் பசி. நித்திரை வராது. காலையில் ஏற்றச் சொல்லிக் கேட்டால் இரவு கொஞ்சம் தப்பலாம். நான் இரண்டாம் நாள் இரவு மூன்று மணிக்கு எழும்பி வாட்டர் பம்ப் ஒன்றை மனதில் பிரித்துப் பூட்டினேன். சீனி உள்ளவர்களுக்கு அது 300, 400க்கு ஏறலாம், அந்த நாள்களில் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். மனம் பாடாய்ப் படும், கோபம் வரும், சில பேர் தாறுமாறாகப் பேசுவார்கள். வீட்டில் முதலே சொல்லிவையுங்கள். பல மாதம் கழித்து இடுப்பு மூட்டில் விடாத நோ வந்தால் இந்த ஊசியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரிதாக இடுப்பெலும்புக்கு இரத்த ஓட்டம் குறையும்.

உச்சப் பலன் அடுத்த நாளே வராது. ஊசி முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் என் கால் உண்மையாக எழும்பியது. அந்த இடைவெளியில்தான் சொந்தக்காரர் வந்து எண்ணெய்க்காரரையும் பரியாரியாரையும் நூல் கட்டுகிறவரையும் பரிந்துரைப்பார்கள். எண்ணெய் பூசுவதில் தீங்கில்லை, சூடாக்கிப் பூசினால் சொன்ன பிரச்சினைதான். கோயிலுக்கும் போங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆளிடம் மட்டும் திரும்பப் போகாதீர்கள். பிசியோதெரபியைக் கால் கொஞ்சம் அசையத் தொடங்கியதும் ஆரம்பியுங்கள், முழுக்கச் சரியாகட்டும் என்று படுத்திருந்தால் பலம் இன்னும் போய்விடும்.

ஊசிக்கும் மசியாவிட்டால்

கடும் தாக்கம், ஸ்டீரொய்ட் முடிந்தும் அசைவில்லை என்றால் அடுத்த படி பிளாஸ்மா மாற்றுதல். இரத்தத்தை வெளியே எடுத்து, அதன் நீர்ப்பகுதியை அகற்றி, சுத்தமானதைச் சேர்த்து ஏற்றுவது. அது காத்திருந்து செய்கிற காரியம் இல்லை, வெளியூருக்கு அனுப்ப வேண்டி வந்தால் கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள்.

இன்னொரு கேள்வியையும் அப்போது கேளுங்கள்: இது எம்.எஸ். தானா? எங்கள் பக்கத்து நாடுகளில், எம்.எஸ். போலவே நடித்து வேறாக இருக்கும் நியூரோமயலைட்டிஸ் ஒப்டிகா என்ற வருத்தத்தை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும். இரண்டு கண்ணும் அடுத்தடுத்து இருளும். காலும் சலமும் ஒன்றாக முற்றாக நிற்கும். நாள் கணக்கில் விடாத விக்கலும் வாந்தியும் வரும், வயிற்று வருத்தமென்று குளிசை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இதற்கு அக்குவாபொரின்-4 என்ற எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது, அந்த எதிர்ப்பொருளை 2004 இல் கண்டார்கள். இரண்டுக்கும் திரும்ப வராமல் தடுக்கும் மருந்து வேறு. இன்டர்ஃபெரோன், ஃபிங்கோலிமொட் போன்ற எம்.எஸ். மருந்துகள் இந்த வருத்தத்தைக் கூட்டிவிடும். அதனால்தான் இந்தக் கேள்வி.

அடிக்கடி வருகிறது என்றால்

ஸ்டீரொய்ட் நடக்கிற தீயை அணைப்பது மட்டுமே, அடுத்ததைத் தடுக்காது. தடுப்பது நீண்டகால மருந்துகள். ஒரு வருடத்தில் இரண்டு தரம் வந்தால் அந்த மருந்து போதுமா என்று கேட்க வேண்டும். கேட்கும் முன் உங்களையும் கேளுங்கள், ஒழுங்காக எடுத்தீர்களா என்று. நான் எடுக்கவில்லை. ஒரு வருடம் நல்லாய் இருந்ததும் "இனி என்ன" என்று அந்த நீண்டகால ஊசியை விட்டேன், ஏழாம் மாதம் திரும்ப வந்தது. ஃபிங்கோலிமொட், நட்டாலிசுமாப் இரண்டையும் சடுதியாக விட்டால் முன்பைவிட மோசமாகப் பாயக்கூடும்.

ஊசி பிரிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டியது என்றால் கரண்டையும் யோசியுங்கள். 2022 இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் நின்ற நாள்களில் நான் ஐஸ் கடையில் கட்டி வாங்கி ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தேன். ஊசி ஐஸைத் தொடக்கூடாது, உறைந்தால் பழுதாகிவிடும். நடுவில் ஒரு துவாய்.

பிள்ளை பெற இருக்கிறவர்களுக்கு: கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் ரிலாப்ஸ் குறையும், பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதம் கூடும். துடக்குக் காலத்தில் வரும் கால் சோர்வைப் பிள்ளைக் களைப்பென்று விட்டுவிடாதீர்கள். சில மருந்துகளைக் கருத்தரிக்க முன்பே நிறுத்த வேண்டும், அதைக் கலியாணம் பேசும்போதே டொக்டரோடு பேசலாம், வெட்கமில்லை.

கொப்பி

கிளினிக்கில் உங்கள் முறை வரும்போது ஐந்து நிமிடம்தான். வெளியே வாங்கில் நூறு பேர். "உடம்பு ஏலாமக் கிடக்கு டொக்டர்" என்று தொடங்கினால் அந்த ஐந்தும் போய்விடும். என் கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரவு. கடைசிப் பக்கம் இப்படி இருக்கிறது:

"செவ்வாய் காலை 6 மணி தொடக்கம். இடது கை, பெருவிரலும் சுட்டுவிரலும் விறைப்பு. முன்பு இந்த இடத்தில் வந்ததில்லை. காய்ச்சல் 98.2. சலம் புதன் சோதித்தது, தெளிவு. குளித்தும் மாறவில்லை. புதன் மணிக்கட்டு வரை. வியாழன் முழங்கை வரை. பொத்தான் பூட்ட ஏலாது, ஸ்குரூ பிடிக்க ஏலாது."

டொக்டர் வாசித்துவிட்டு என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். "எந்தக் கையால எழுதினனீங்கள்?"

வலது கையால், என்றேன். வெள்ளிக்கிழமை முதல் ஊசி ஏற்றினார்கள்.